பழைய கம்பைலரும் என் அப்பத்தாவும்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "எனக்குக் கவிதை வராதே" என்றேன். "அப்படியானால் கட்டுரை எழுது" என்றார். கட்டுரை என்றாலே எனக்குப் பத்தாம் வகுப்பில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை போட்டு எழுதிய 'மழைநீர் சேகரிப்பு'தான் ஞாபகம் வரும். "உனக்கு நடந்ததை எழுது, போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு நடந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு நாள் ராத்திரி ஒரு கம்ப்யூட்டர் என்னைப் பார்த்து "உன்னிடம் இருப்பது பழசு" என்று சொன்னது. அதனால் படிப்பையே விடப் பார்த்தேன். ஏன் விடவில்லை என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் "இது கம்ப்யூட்டர்காரங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கம்பைலர் என்றால் என்ன என்று என் அப்பத்தாவுக்கு நான் சொன்ன விதத்திலேயே உங்களுக்கும் சொல்கிறேன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர் இருக்கிறார் அல்லவா? நாம் நம் பேச்சில் குறையைச் சொல்வோம். அவர் அதை ஆபீசுக்குப் புரிகிற பாஷையில் எழுதிக் கொடுப்பார். நாம் எழுதுகிற புரோகிராமை எந்திரத்துக்குப் புரிகிற பாஷையில் மாற்றிக் கொடுக்கிறவர்தான் கம்பைலர். பாடப்புத்தகத்தில் நிரல்பெயர்ப்பி என்று போட்டிருக்கிறார்கள். மனு எழுதுகிறவருக்குப் புது விண்ணப்ப முறை தெரியாவிட்டால் மனு திரும்பி வந்துவிடும். கம்பைலர் கதையும் அதேதான்.

எங்கள் ஊர் அன்னவாசல் பக்கம். அப்பா கல் லாரியில் லோடு ஏற்றப் போகிறார். எட்டாவது வரை படித்தவர். அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறார். வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எனக்கு இந்தக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று அப்பா என்ன படிப்பு என்று கேட்கவில்லை. "பஸ் எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வியில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்பது முதல் தலைமுறையாகப் படிக்க வந்த உங்களுக்கெல்லாம் புரியும்.

முதலாண்டு லேபில் நீலத் திரையைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. டர்போ சி பிளஸ் பிளஸ் 3.0. அது 1990களின் தொடக்கத்தில் வந்தது என்பதெல்லாம் அப்போது தெரியாது. எங்கள் வகுப்பில் யாரும் அப்போது பிறந்திருக்கவில்லை! இன்றைய கம்ப்யூட்டரில் அது நேராக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருள் பழைய டாஸ் மாதிரி நடித்துக் காட்ட வேண்டும். அதற்குள் இது ஓடும்.

ஃபாக்டோரியல் புரோகிராம் எழுதினேன். 5 கொடுத்தால் 120. 7 கொடுத்தால் 5040. எல்லாம் சரி. 8 கொடுத்தேன். 40320 வர வேண்டும். திரையில் வந்ததோ மைனஸ் 25216! எட்டு எண்களைப் பெருக்கினால் மைனஸ் எப்படி வரும்? பயந்துபோய் ரெக்கார்டு நோட்டில் 5க்கும் 7க்கும் மட்டும் விடை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். டர்போ சியில் 'இன்ட்' என்ற அறைக்கு 16 பிட்தான் இடம், 32767க்கு மேல் கொள்ளாது, நிரம்பினால் எண் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடும் என்பது எனக்கு ஒன்றரை வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

இரண்டாம் ஆண்டில் எனக்கு ஒரு லேப்டாப் கிடைத்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அக்கா திருச்சியில் படித்தபோது அதில் டெபியன் 8 என்ற லினக்ஸைப் போட்டு வைத்திருந்தார். கல்யாணமாகிப் போகும்போது, "என் பழைய புராஜெக்ட் எல்லாம் உள்ள கெடக்கு, எதையும் அழிக்காம வச்சுக்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். பேட்டரி செத்துவிட்டது, சொருகியே வைக்க வேண்டும். இருந்தாலும் எங்கள் தெருவிலேயே லேப்டாப் இருக்கிற வீடு எங்கள் வீடுதான்!

அந்தத் தலைக்கனத்தில் ஒரு காரியம் செய்தேன். துறை விழாவில் என்ன செய்து காட்டப் போகிறாய் என்று கேட்டபோது, "லினக்ஸ் கெர்னலை என் கையால் கம்பைல் பண்ணிக் காட்டுறேன்" என்று பெயர் கொடுத்துவிட்டேன். கெர்னல் என்பது லினக்ஸின் உயிர்நாடி. நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதுதான் இருக்கிறது. ஏறத்தாழ நாலு கோடி வரி புரோகிராம். உலகம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதுவது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், காசு கிடையாது.

புதுமைப்பெண் திட்டத்தில் வந்த ஆயிரம் ரூபாயில் ஒரு பென்டிரைவ் வாங்கினேன். புதுக்கோட்டையில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அப்போதைய புதுக் கெர்னலை இறக்கிக்கொண்டு, கடைசி டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். ராத்திரி சாப்பிடாமல்கூட உட்கார்ந்து கட்டளையைத் தட்டினேன். விடிய விடிய ஓடும் என்று சீனியர் அண்ணன் சொல்லியிருந்தார். விடிய விடிய ஓடவில்லை. ஒரு நிமிடம்கூட ஓடவில்லை.

"சி கம்பைலர் இஸ் டூ ஓல்ட். யுவர் ஜி.சி.சி. வெர்ஷன்: 4.9.2. மினிமம் ஜி.சி.சி. வெர்ஷன்: 8.1.0."

அவ்வளவுதான். நின்றுவிட்டது.

நண்பர்களே, அந்த வரியைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அது ஒரு எந்திரம் சொன்ன செய்திதான். ஆனால் அந்த வாரத்தில்தான் ஒரு பாடத்தில் அரியர் விழுந்திருந்தது. ஆங்கிலத்தில் நடத்துவது பாதி புரியவில்லை. பொங்கலுக்கு வந்த அத்தை, "திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஆள் எடுக்குறாக, ஹாஸ்டலும் உண்டு. இது கஷ்டமா இருந்தா வா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பாவுக்கு முதுகு வலியில் பத்து நாளாக வேலை இல்லை. இத்தனைக்கும் நடுவில் "மினிமம்" என்ற அந்த வார்த்தை. உள்ளே வருவதற்குக் குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும், உன்னிடம் அது இல்லை, போ. எனக்கு அப்படித்தான் கேட்டது. எங்கேயோ நல்ல கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர்கள் வாசல்படியை உயர்த்திக் கட்டிவிட்டார்கள். என்னை மாதிரி ஆள் கீழே நிற்பது அவர்களுக்குத் தெரியுமா? தெரிந்தாலும் அவர்களுக்கென்ன?

லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தேன். அப்பத்தா தூங்கவில்லை.

"என்னத்தா, சோறு திங்காம மொகத்தத் தூக்கி வச்சிருக்க?"

"எனக்குப் படிப்பு வேணாம் அப்பத்தா. அத்தகூடத் திருப்பூர் போறேன்."

ஏன் என்று கேட்டார். சொன்னேன். மனு எழுதுகிறவர் உதாரணம் அப்போது வந்ததுதான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பத்தா, நான் நூறு தடவை கேட்ட கதையைத் திரும்ப ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் அது என் காதில் ஏறியது.

அப்பத்தா கல் உடைத்தவர். ஜல்லி உடைத்து, அளந்து, அளவுக்குக் கூலி. கணக்கு எழுதுகிறவர் நோட்டை நீட்டினால் கட்டைவிரலை மையில் ஒற்றி வைக்க வேண்டியது. 1991ல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். சம்பளம் வாங்காத தொண்டர்கள் ஊர் ஊராக வந்தார்கள். பகலில் கல் உடைக்கிறவர்களுக்காக ராத்திரியில் அரிக்கேன் விளக்கு வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்பாவை மடியில் போட்டுத் தூங்க வைத்துக்கொண்டே அப்பத்தா அ, ஆ எழுதியிருக்கிறார். எழுத்தோடு நிற்கவில்லை, பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். பல்லாயிரக்கணக்கான பெண்கள் நம் மாவட்டச் சாலைகளில் சைக்கிள் மிதித்தது அப்போதுதான். அப்பத்தா வாடகைக்கு எடுத்த ஆம்பளைச் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவர். முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து கல்குவாரியைக் குத்தகைக்கு எடுத்ததும் அந்தக் காலத்தில்தான்.

எண் படிக்கத் தெரிந்த பிறகு அப்பத்தா ஒரு நாள் நோட்டைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார். தான் உடைத்ததற்கும் நோட்டில் இருந்ததற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது! அன்றிலிருந்து கைநாட்டு வைப்பதில்லை.

"கைநாட்டு ஆகாது, கையெழுத்துப் போடுன்னு சொன்னவுகதான் ஆத்தா எழுதவும் சொல்லிக் குடுத்தாக. சொல்லிட்டு மட்டும் போயிருந்தா நான் இன்னிக்கும் வெரல நீட்டிக்கிட்டுத்தான் நின்னுருப்பேன். ஒனக்கு அந்தப் பொட்டி என்ன சொல்லுச்சு? இம்புட்டு வேணும்னு சொல்லுச்சுல்ல? வேணுங்கிறத எங்கிட்டு வாங்குறதுன்னு யாருகிட்டயாவது கேட்டியா?"

கேட்கவில்லை. ஃபாக்டோரியல் தப்பாக வந்தபோதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

மறுநாள் போய்க் கேட்டேன். சீனியர் அண்ணன், "புது லினக்ஸ் போட்டுரு, பிரச்சினை தீர்ந்துச்சு" என்றார். அக்காவின் புராஜெக்டை அழிக்க மாட்டேன் என்றேன். "அப்ப முதல்ல ஏன் உயர்த்தினாங்கன்னு படி, அப்புறம் எப்படி ஏறுறதுன்னு பாரு" என்றார். படித்தேன். படிக்கப் படிக்க என் கோபம் கரைந்தது.

முதல் ஆச்சரியம் 1991. அப்பத்தா அ, ஆ எழுதிய அதே ஆண்டுதான் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது மாணவர் லினக்ஸை ஆரம்பித்திருக்கிறார். அதைக் கம்பைல் செய்ய அவர் எடுத்துக்கொண்டது ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987ல் வெளியிட்ட ஜி.சி.சி. என்ற இலவசக் கம்பைலர். அன்றைக்கு அதன் வெர்ஷன் 1.40.

இரண்டாவது ஆச்சரியம், அவர்கள் காத்திருந்த காலம். ஜி.சி.சி. 3.2 வந்தது 2002ல். அது இருந்தால் போதும் என்ற நிலை 2018 வரை நீடித்தது. அந்த வருடம்தான் 4.6 என்று உயர்த்தினார்கள். 2020ல் 4.9. 2021ல் 5.1. 2025ல் வந்த கெர்னல் 6.16ல் 8.1. அந்த 8.1 கம்பைலர் எப்போது வந்தது தெரியுமா? 2018 மே மாதம். அதாவது ஏழு வருடம் கழித்துத்தான் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் பெரிய லினக்ஸ் தொகுப்புகளில் எந்தக் கம்பைலர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பெரும்பாலானவர்கள் அந்தப் படியில் ஏறிய பிறகுதான் கீழ்ப்படியை எடுத்திருக்கிறார்கள். நான் நினைத்த மாதிரி யாரும் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை.

ஆனால் உயர்த்தத்தான் வேண்டுமா? பழையதும் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டுமே? இதற்கும் விடை கிடைத்தது. பழைய கம்பைலர் ஒவ்வொன்றிலும் சில கோளாறுகள் உண்டு. அதற்காக நாலு கோடி வரிக்குள் அங்கங்கே ஒட்டுப்போட வேண்டும். ஒட்டு ஏற ஏற, புதிதாக எழுதுகிறவர்களுக்குத் தலைவலி. புதிய வசதி எதையும் பயன்படுத்த முடியாது. 2022ல் கெர்னல் 5.18 வரும்வரை அவர்கள் சி மொழியின் 1989ஆம் வருட விதிப்படிதான் எழுதினார்கள். ஃபார் லூப்புக்குள்ளேயே ஒரு மாறியை அறிவிக்கக்கூட முடியாது! அதற்குப் பிறகுதான் 2011ஆம் வருட விதிக்கு மாறினார்கள். முதலில் கம்பைலரை உயர்த்தியதால்தான் அது முடிந்தது.

ஒட்டுப்போடக்கூட முடியாத கோளாறும் உண்டு. ஆர்ம் 64 பிட் எந்திரத்தில் கெர்னலை ஓட்டிக்கொண்டிருந்த ரஸ்ஸல் கிங் என்பவருக்கு, எப்போதாவது ஒரு முறை வட்டில் இருக்கும் கோப்பின் சரிபார்ப்புக் கணக்கு தப்பு என்று வந்திருக்கிறது. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பல மாதம் தேடினார். வட்டு சரி. மெமரி சரி. புரோகிராமும் சரி. கடைசியில் 2021 ஜனவரியில் கண்டுபிடித்தார்கள், குற்றவாளி ஜி.சி.சி. 4.9! அது எந்திர பாஷையில் எழுதும்போது ஒரு வரிசையை மாற்றி எழுதியிருக்கிறது. பஸ்ஸில் இருக்கையை விட்டு எழுந்த பிறகு, இருக்கையில் வைத்த பையை எடுக்கத் திரும்புகிறோம் என்று வையுங்கள். பெரும்பாலும் பை அங்கேயே இருக்கும். ஆனால் அந்த ஒரு நொடியில் வேறொருவர் வந்து உட்கார்ந்துவிட்டால்? அதுதான் நடந்தது. உடனே ஆர்ம் 64க்கு மட்டும் 5.1 கட்டாயம் என்று உயர்த்தினார்கள். அதே வருடம் பின்னால் எல்லோருக்கும்.

இதைப் படித்தபோது அப்பத்தாவின் கூலி நோட்டு ஞாபகம் வந்தது. உடைத்தது சரி, அளந்தது சரி, நடுவில் எழுதுகிறவர் தப்பாக எழுதினால் எல்லாம் தப்புத்தான். கைநாட்டு வைக்கிறவரைக்கும் அந்தத் தப்பு தெரியவே தெரியாது. அதனால் குறைந்தபட்சத்தை உயர்த்துவது அநியாயம் இல்லை, சில சமயம் உயர்த்தாமல் விடுவதுதான் அநியாயம் என்று எனக்குப் பட்டது.

சரி, எப்படி ஏறுவது? இரண்டு வழி இருந்தது. ஒன்று, பழைய கெர்னல் வரிசைகளில் சிலவற்றைப் பல வருடம் பராமரிக்கிறார்கள். 2020 டிசம்பரில் வந்த 5.10 கெர்னலுக்கு என் 4.9 கம்பைலரே போதும். படியேற முடியாதவர்களுக்கென்று ஒரு திண்ணை! முதலில் அதைத்தான் கம்பைல் செய்தேன். வேண்டாத பாகங்களை எல்லாம் விலக்கிவிட்டும் ராத்திரி முழுக்க ஓடியது. ஆனால் முடிந்தது! அந்தக் காலையில் குடித்த டீயை நான் மறக்க மாட்டேன்.

இரண்டாவது வழிதான் இந்தக் கட்டுரையின் உயிர். புதிய கம்பைலரை எங்கிருந்து வாங்குவது? அதுவும் ஒரு புரோகிராம்தானே! அதன் மூலம் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கம்பைல் செய்ய ஒரு கம்பைலர் வேண்டும். அது எது? என்னிடம் இருக்கும் பழைய 4.9தான்! எந்தக் கம்பைலரைப் பார்த்து "பழசு, ஆகாது" என்று கெர்னல் திருப்பி அனுப்பியதோ, அதே பழசுதான் புதுசைப் பெற்றெடுக்க வேண்டும்.

இது மூன்று கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் பழைய கம்பைலர் புதியதைக் கட்டுகிறது. இரண்டாம் கட்டத்தில் அப்படிப் பிறந்த புதியது, தன்னைத்தானே மறுபடி கட்டிக்கொள்கிறது. மூன்றாம் கட்டத்தில் அது இன்னொரு முறை கட்டுகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுபோல இருந்தால் வெற்றி. அதற்குப் பிறகு பழைய கம்பைலரின் கோளாறு எதுவும் புதியதில் ஒட்டியிருக்காது என்று நம்பலாம்.

ஜி.சி.சி. 8.5ஐ எடுத்து ஆரம்பித்தேன். நடுவில் கரண்ட் போய்விட்டது. பேட்டரிதான் செத்துப்போன பேட்டரியாச்சே! விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஓடியது. முடிந்தது என்று நிமிர்ந்து கெர்னலைக் கொடுத்தால், "டூ ஓல்ட்" என்று அடுத்த வாசல்! கம்பைலருக்குப் பக்கத்துணையாக இருக்கும் பின்யுடில்ஸ் தொகுப்பும் 2.30 வேண்டுமாம். இந்தத் தடவை எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அதையும் கட்டினேன். துறை விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் புதிய கெர்னல் கம்பைல் ஆகி முடிந்தது. லேப்டாப்பை நிறுத்தி ஏற்றினேன். எழுந்து வந்தது.

அப்பத்தா, அப்பா, நான். மூன்று கட்டம் என்று படித்தபோது என் மனதில் வந்தது இதுதான். அப்பத்தா எழுதப் படித்தார், அதனால் அப்பா எட்டாவது வரை போனார். அப்பா எட்டாவது வரை போனதால் நான் இங்கே இருக்கிறேன். இனி வருகிற வேலைகளுக்கு அப்பத்தாவின் படிப்புப் போதாதுதான். ஆனால் அந்தப் படிப்பு இல்லாமல் நான் வந்திருக்க முடியாது. 'பழசு' என்ற சொல்லைக் கேட்டு ஏன் அழுதேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கதை இத்தோடு முடியவில்லை. இந்த ஆண்டு பேரவைக் கூட்டத்தில், லேபில் டர்போ சியை விட்டு ஜி.சி.சி.க்கு மாற வேண்டும் என்று துறைத் தலைவரிடம் மனுக் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. மேசையைத் தட்டி ஆதரித்தவர்களில் முதல் ஆள் நான்தான். இலவசம், இன்றைய கம்ப்யூட்டரில் நேராக ஓடும், வேலைக்குப் போகிற இடத்தில் இதுதான் இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனேன். அப்போது பின் வரிசையிலிருந்து முதலாண்டுத் தங்கச்சி ஒருத்தி எழுந்தாள். தமிழ் மீடியம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை.

"அக்கா, நாங்க இப்பத்தான் இதையே கத்துக்கிட்டோம். திடீர்னு மாத்துனா நாங்க எழுதுனது எதுவும் ஓடாதே. எங்களுக்கு யார் சொல்லித் தருவா?"

எனக்குச் சுரீர் என்றது. அந்த ராத்திரி நான் திண்ணையில் உட்கார்ந்து யாரைத் திட்டினேனோ, அந்த இடத்தில் இப்போது நானே நின்றுகொண்டிருந்தேன். அவள் சொன்னதும் உண்மைதான். கோனியோ டாட் எச் அங்கே கிடையாது. கிளியர் ஸ்கிரீன் கிடையாது, கெட்ச் கிடையாது. வாய்ட் மெயின் என்று எழுதியதை இன்ட் மெயின் என்று மாற்ற வேண்டும். கெட்ஸ் என்ற கட்டளையை 2011ஆம் வருட விதியிலிருந்தே தூக்கிவிட்டார்கள். தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை, தெரியாதவருக்கு மலை.

அதனால் மனுவை மாற்றி எழுதினோம். அடுத்த பருவத்திலிருந்துதான் மாற்றம், அதுவரை இரண்டும் லேபில் இருக்கட்டும், பழைய ரெக்கார்டு செல்லும் என்று கேட்டோம். கூடவே எங்கள் பங்குக்கு, வாரத்தில் மூன்று நாள் மாலை, பஸ் வரும்வரை, மூன்றாம் ஆண்டு ஒருவருக்கு முதலாண்டு நால்வர் என்று உட்கார்ந்து சொல்லித் தருகிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். ஐயா படித்துப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். நம் மாவட்டத்துக்கு இது புதுசா என்ன? அறிவொளி நடந்த மண் அல்லவா!

என் பங்குக்கு வந்த நால்வரில் அந்தத் தங்கச்சியும் ஒருத்தி. முதல் நாளே ஃபாக்டோரியல்தான். 8 கொடுத்தாள். 40320 வந்தது. அவளைவிட எனக்குத்தான் சந்தோஷம். "பார்த்தியா, மாத்துனது நல்லதுதானே?" என்றேன் பெருமையாக.

அவள் விடவில்லை. 9, 10, 11, 12 என்று கொடுத்துக்கொண்டே போனாள். 13 கொடுத்தாள். கால்குலேட்டரை எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா, இதுல 1932053504னு வருது. 6227020800 வரணும். தப்பா இருக்கே, ஏன்?"

ஆம், இங்கே அந்த அறைக்கு 32 பிட். கொஞ்சம் பெரிய அறை, அதற்கும் எல்லை உண்டு. அதற்கு மேலும் பெரிய அறை இருக்கிறது, அதற்கும் எல்லை உண்டு. சொல்லிக் கொடுத்தேன். கம்பைலர் மாறியதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. நான் 7லேயே நிறுத்திக்கொண்டு, தப்பை ரெக்கார்டில் மறைத்தவள். அவள் 13 வரை போய், "ஏன்?" என்று கேட்டாள்.

நண்பர்களே! காலம் வாசல்படியை உயர்த்திக்கொண்டேதான் இருக்கும். இன்றைய 8.1 நாளைக்குப் பழசாகும். நாமும் ஒரு நாள் பழசாவோம். படி உயர்கிறதே என்று கலங்கித் திரும்பிப் போக வேண்டாம், எப்படி ஏறுவது என்று கேட்போம். நாம் ஏறிய பிறகு, கீழே நிற்பவருக்குக் கை கொடுத்த பிறகே பழைய படியை எடுப்போம்.

அரியரை எழுதிவிட்டேன். அத்தை போன வாரம் போன் செய்தார். திருப்பூர் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அப்பத்தா பக்கத்தில் இருந்து, "அவளுக்கு இங்க சோலி கெடக்கு" என்றார்.

— மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்